ஒன்பதாவது பொருள்: படகுத்துறைச் சாவி

ஹார்கெட் நகர மன்றம் மாதம் இரண்டு முறை செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்குக் கூடும். கூடியதும் மேயர் க்ளெனிஸ் லேமினேட் செய்த ஓர் அட்டையை எடுத்துப் படிப்பார். நில ஒப்புகை என்று அதற்குப் பெயர். அதில் மூன்று வாக்கியங்கள். நாம் கூடியிருக்கும் இந்த நிலம் கிரேன் பே அனிஷினாபே பூர்வகுடி மக்களின் பாரம்பரிய நிலம். அவர்கள் இதைக் காலங்காலமாகப் பேணி வந்திருக்கிறார்கள். அதற்காக அவர்களுக்கு நன்றி. படித்து முடிக்கப் பதினெட்டு நொடி ஆகும். மூன்று கூட்டங்களில் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை மட்டும் அவருக்கு இருமல் வந்து இருபத்து மூன்று நொடி ஆனது.

அந்தப் பதினெட்டு நொடியும் மற்ற மன்ற உறுப்பினர்கள் நான்கு பேரும் மேசையைப் பார்ப்பார்கள். மினிட்ஸ் என்னும் கூட்டக் குறிப்பை எழுதும் நான் என் நோட்டுப் புத்தகத்தைப் பார்ப்பேன். மேவிஸ் கீஷிக் மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். பின் வரிசையில், ஹீட்டருக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. அவர் கிரேன் பே அலுவலகத்தின் நிர்வாகி. அட்டை நன்றி சொல்லும் மக்களில் அந்த அறைக்குள் இருப்பவர் அவர் ஒருவர்தான். படிக்கும்போது யாரும் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. பார்ப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தார்களோ என்னவோ.

மேவிஸ் நன்றி வாங்க வரவில்லை. நிகழ்ச்சி நிரலின் ஒன்பதாவது பொருளுக்காக வந்தார்.

ஜனவரி எட்டாம் தேதி அவர் நகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அரைப் பக்கக் கடிதம். வசந்தத்தில் ஏரியின் பனி உடைந்ததும் பிக்கரெல் மீன் முட்டையிட ஆற்றுக்குள் ஏறும். ஆறு ஏரியில் இறங்கும் கல்வழியில் கிரேன் பே மக்கள் அந்த இரண்டு வாரம் மீன் பிடிப்பார்கள். அவர்களுக்கு அதற்கு உரிமை உண்டு, அரசோடு செய்த பழைய ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் கல்வழிக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய படகுத்துறை நகராட்சியினுடையது. அதற்குப் போகும் பாதையில் ஒரு கேட். சேற்றில் பாதை கெட்டுப்போகும் என்று அக்டோபரில் பூட்டினால் மே மாத நீண்ட வார இறுதி விடுமுறைக்குத்தான் திறப்பார்கள். அதற்குள் மீன் வந்து போய்விடும். ஆகவே ஒரு சாவி தேவை. அவ்வளவுதான் கடிதம்.

அதை நான்தான் நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவது பொருளாகச் சேர்த்தேன். பொதுமக்கள் கோரிக்கைகள் கடைசியில்தான் வரவேண்டும் என்பது விதி. கூட்டம் ஒன்பதரைக்கு முடிய வேண்டும் என்பது இன்னொரு விதி. ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஐந்து கூட்டங்களில் ஒன்பதாவது பொருளை நாங்கள் தொடவே இல்லை. ஐந்து முறையும் நேரத்தைத் தின்றது முதல் பொருள். முதல் பொருள் அந்த அட்டை.

மன்ற உறுப்பினர் டுவைட் க்ராங்தான் அந்தச் சண்டையை ஆரம்பித்துவைத்தார். அவருக்கு நெடுஞ்சாலையில் பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிக் கடை. புத்தாண்டுக்குப் பிறகு ஹாக்கி அரங்கில் புதிய கழிப்பறையைத் திறந்துவைத்தபோது அங்கேயும் மேயர் அட்டையைப் படித்தார்.

"மேயர் அவர்களே, நானும் நாலு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார் டுவைட். "பான்கேக் விருந்துக்கு ஒரு தடவை. குப்பைக் கிடங்குக்கு ஒரு தடவை. இப்போ கக்கூசுக்கும். எங்க அப்பா இந்த ஊருக்கு வந்து கல்லைப் பெயர்த்து ரோடு போட்டவரு. அவருக்கு யாரு அட்டை படிச்சீங்க?"

"டுவைட், உங்க அப்பாவுக்கு ஒரு தெருவே இருக்கே" என்றார் ஃபிலிப்பா ரென்.

"அது முட்டுச்சந்து."

ஃபிலிப்பா டொரொன்டோவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஆறு வருடம் முன்பு ஏரிக்கரைக்கு வந்தவர். அட்டை போதாது என்பது அவர் கட்சி. மூன்று வாக்கியத்தில் எப்படி மனதைச் சொல்வது என்று கேட்டார். நீரைச் சொல்லவில்லை, நடப்பன, நீந்துவன, பறப்பனவற்றைச் சொல்லவில்லை என்றார். மன்றத்தில் இன்னும் இரண்டு உறுப்பினர்கள் உண்டு. இருவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள், சேர்ந்தே கை தூக்குவார்கள், சேர்ந்தே இறக்குவார்கள். அவர்களில் ஒருவர் அன்று வாய் திறந்து, பறப்பனவற்றில் கடித்துப் பிடுங்கும் கறுப்பு ஈயும் சேருமா என்று கேட்டார். அதற்கு நாற்பது நிமிடம் போனது.

பிறகு வாசகக் குழு அமைத்தார்கள். ஃபிலிப்பா தலைவர். குழு ஆறு முறை கூடியது. கிரேன் பேக்கும் கடிதம் எழுதி வழிகாட்டல் கேட்டது. பதில் நான்காம் நாளே வந்தது. "வாசகம் உங்கள் விருப்பம். ஜனவரி எட்டாம் தேதிக் கடிதத்துக்குப் பதில் அனுப்பவும்." குழுவின் அறிக்கையில் இது 'கலந்தாலோசனை நிறைவுற்றது' என்று ஏறியது.

அட்டை வேண்டும், வேண்டாம் என்று மக்களிடமிருந்து நாற்பத்தொரு கடிதம் வந்தது. நான் அவற்றை ஒரு கோப்பில் வைத்தேன். சாவி பற்றி வந்தது ஒன்றே ஒன்று. அதற்கும் தனிக் கோப்பு போட்டேன். போட்டிருக்க வேண்டுமா என்று பிறகு யோசித்தேன். ஒரே தாளுக்கு ஒரு கோப்பு கொஞ்சம் அதிகம்தான்.

மார்ச் கூட்டம் ஒன்றில் ஃபிலிப்பா திடீரென்று பின் வரிசைப் பக்கம் திரும்பினார். "மேவிஸ், நீங்க சொல்லுங்க. இந்த வார்த்தைகளைக் கேக்கும்போது உங்களுக்குள்ள என்ன தோணுது?"

மேவிஸ் எழுந்து நின்றார். "எனக்கு ஒரு சாவி வேணும்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

ஃபிலிப்பா கண்ணை மூடிக்கொண்டார். "என்ன அழகான உருவகம்" என்றார். அதுவும் குழுவின் அறிக்கையில் ஏறியது, பின்னிணைப்பில்.

*

நான் இந்த வேலைக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. பதவி துணைக் கிளார்க். கிளார்க் ஹ்யூபர்ட், முப்பது வருட சர்வீஸ். மார்ச் கடைசியில் அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதால் ஏப்ரல் முழுக்க நான் தனி. புதன்கிழமைகளில் உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தில் நடக்கும் மாலை வகுப்பில் நகராட்சி நிர்வாகம் படிக்கிறேன். ஆசிரியை சோவே அம்மையார், ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் ஒரு பக்கம் டைரி எழுதச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் மூன்று கட்டம் போட வேண்டும்: என்ன நடந்தது, எதைப் பதிவு செய்தேன், எதை விட்டேன். என் டைரியில் மூன்றாவது கட்டம் எப்போதும் பக்கத்தைத் தாண்டிப் போகும். மற்றவர்களுக்கும் அப்படியா என்று கேட்க நினைத்துக் கேட்டதில்லை.

ஏப்ரல் பதினான்கு அன்று மேவிஸ் ஆறே முக்காலுக்கே வந்துவிட்டார். பொதுப்பணி மேற்பார்வையாளர் ஆர்வோ கூட்ட அறை ஹீட்டரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் மேவிஸும் சின்ன வயதில் ஒரே பள்ளிப் பேருந்தில் போனவர்கள்.

"ஏரி எப்படிடா இருக்கு?" என்றார் மேவிஸ்.

"பனி கறுத்துப் போச்சு. உடைய இன்னும் பத்து நாள். காத்து அடிச்சா எட்டு." ஆர்வோ குழாயை இன்னொரு தட்டுத் தட்டினார். "இந்த வருஷமும் சுத்தித்தான் போகப் போறீங்களா?"

"உன் இடுப்புல தொங்குற சாவியைக் கழட்டிக் குடு. நேரா போறோம்."

"எனக்கென்ன, குடுத்துடுவேன். எழுத்துல ஒரு சீட்டு வரணும். சீட்டு இல்லாம குடுத்தா என் வேலை போயிடும், அப்புறம் நானும் உங்க படகுலதான் வந்து உக்காரணும்."

"நீ ஏறினா படகு முழுகிடும்."

ஆர்வோ சிரித்தார். மேவிஸ் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "ஒடெட், போன வருஷம் நடந்தது உனக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்று தலையாட்டினேன். ஊரில் எல்லோருக்கும் தெரியும். கேட் பூட்டியிருந்தால் கல்வழிக்குப் போக ஏரி வழியாகப் பதினோரு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். ஏரிப் பனி பாதி உடைந்து மிதக்கும் காலம் அது. போன ஏப்ரலில் மேவிஸின் தம்பி க்ளிஃபர்டின் படகை இரண்டு பனிப்பாளங்கள் நெரித்துவிட்டன. க்ளிஃபர்டும் இன்னொருவரும் பாளத்தின்மேல் ஏறி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். க்ளிஃபர்டுக்கு இடது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மரத்துத்தான் கிடக்கிறது.

"இன்னைக்கு நம்ம பொருள் வரலைன்னா அடுத்த கூட்டம் இருபத்தெட்டு" என்றார் மேவிஸ். "மீன் உங்க நிகழ்ச்சி நிரலைப் பார்த்துட்டு வராது. க்ளிஃபர்ட் இந்த வருஷமும் படகுல போறேன்னு நிக்கிறான். இப்பவே எஞ்சினைக் கழுவி வெச்சிருக்கான்."

வாசகக் குழு சுருக்கமாக முடித்துக்கொண்டால் எட்டரைக்குள் ஒன்பதாவது பொருளுக்கு வந்துவிடலாம் என்று அவரிடம் சொன்னேன். என் கணக்குப்படி அப்படித்தான் இருந்தது.

*

ஃபிலிப்பா புதிய வாசகத்தைப் படித்தார். நான்கு நிமிடம் பத்து நொடி. அதில் நீர் இருந்தது, பாறை இருந்தது, நடப்பன, நீந்துவன, பறப்பன இருந்தன. கறுப்பு ஈ பெயர் சொல்லப்படாமல் பறப்பனவற்றில் அடங்கியது. நாங்கள் கற்றுக்கொள்கிறோம் என்று மூன்று இடத்தில் வந்தது. இதை நகராட்சியின் நில ஒப்புகையாக ஏற்க வேண்டும் என்று அவர் முன்மொழிந்தார். அண்டை வீட்டுக்காரர்களில் ஒருவர் வழிமொழிந்தார்.

அதன் பிறகு விவாதம். எட்டரை ஆனது. ஒன்பது ஆனது. பின் வரிசையில் மேவிஸ் கோட்டு பட்டனைப் போட்டு மறுபடி கழற்றினார். அண்டை வீட்டுக்காரர்களில் மற்றவர், 'ஆழ்ந்த நன்றி' என்பதா 'மனமார்ந்த நன்றி' என்பதா என்று கேட்டார். ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு டுவைட் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அவர் காது சிவந்திருந்தது.

"மேயர் அவர்களே, நான் ஒண்ணு கேக்குறேன். ஃபிலிப்பா நாலு நிமிஷம் வருத்தப்படுறாங்க, நன்றி சொல்றாங்க, கத்துக்குறாங்க. நல்லது. அப்புறம் கார்ல ஏறி வீட்டுக்குப் போறாங்க. நிஜமாவே அவங்க நிலம்னு நினைக்கிறவங்களா இருந்தா இதுக்குக் கடைசில இன்னும் ஒரு வரி சேக்கட்டும். நானே சொல்றேன், எழுதிக்கம்மா ஒடெட். 'பழைய படகுத்துறைக் கேட் இன்று முதல் கிரேன் பே மக்களுக்கு எந்நாளும் திறந்திருக்கும், சாவி ஒன்று அவர்களிடம் கொடுக்கப்படும்.' இது என் திருத்தம். முன்மொழியிறேன். யாரு வழிமொழியப் போறீங்க, பாக்கலாம்."

ஹீட்டர் மட்டும் தட்டியது. ஃபிலிப்பா பின்வாங்குவார் என்று டுவைட் காத்திருந்தார். டுவைட் திரும்பப் பெறுவார் என்று ஃபிலிப்பா காத்திருந்தார். இது என் ஊகம், பதிவில் இல்லை.

"மகிழ்ச்சியோட வழிமொழியிறேன்" என்றார் ஃபிலிப்பா.

"நிஜமாவா?" என்றார் டுவைட்.

"ஏன், நீங்க நிஜமா சொல்லலையா?"

"நான் எப்பவும் நிஜமாத்தான் சொல்வேன்."

மேயர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு வீட்டில் நாய்க்கு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. கூட்டம் தொடங்கும் முன்பே சொல்லியிருந்தார். "திருத்தத்துக்கு ஆதரவா இருக்கறவங்க?"

ஃபிலிப்பா கை தூக்கினார். அண்டை வீட்டுக்காரர்கள் சேர்ந்து தூக்கினார்கள். மேயர் தன் கையையும் தூக்கிவிட்டு, "டுவைட், உங்க திருத்தத்துக்கு நீங்களே தூக்கலையா?" என்றார். டுவைட் சுற்றிலும் பார்த்தார். ஃபிலிப்பா அவரைப் பார்த்துப் புன்னகைத்தபடி இருந்தார். டுவைட்டின் கை மெதுவாக எழுந்தது. ஒருமனதாக நிறைவேறியது. உடனே முழு வாசகத்தையும் வாக்குக்கு விட்டார்கள். நான்குக்கு ஒன்று. டுவைட் எதிர்த்தார். ஆகப் பதிவின்படி அவர் நிலைப்பாடு, சாவி கொடுக்கலாம், நன்றிதான் சொல்லக்கூடாது என்பது.

ஒன்பதரை ஆனது. மேயர் கூட்டத்தை முடித்தார். ஒன்பதாவது பொருள் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டு போனார்கள். டுவைட்டும் ஃபிலிப்பாவும் வாசலில் நின்று சாலைக் குழிகளைப் பற்றிச் சாதாரணமாகப் பேசினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சற்று முன் முடிவு செய்தது நடக்கும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது நில ஒப்புகையில் அல்லவா இருக்கிறது. ஒப்புகையில் சொன்னதை இந்த ஊரில் யாரும் செய்ததில்லை.

மேவிஸ் கடைசியாக எழுந்தார். என் மேசையைத் தாண்டும்போது ஒரு நொடி நின்று என் நோட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

*

மறுநாள் காலை ஹ்யூபர்டுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அது நன்றி உரைம்மா" என்றார். வலி மாத்திரையில் குரல் இழுத்தது. "அதுல யாராவது எதாவது சொல்வாங்க. மினிட்ஸ்ல 'நில ஒப்புகை படிக்கப்பட்டது'ன்னு ஒரு வரி போட்டா போதும். முப்பது வருஷமா அப்படித்தான்."

"ஆனா முன்மொழிஞ்சாங்க, வழிமொழிஞ்சாங்க."

"பழக்கதோஷம். இந்த ஊர்ல சாப்பிடலாமான்னு கேட்டாக்கூட வழிமொழிய ஒருத்தன் இருப்பான். விடு."

விடலாம் என்றுதான் இருந்தேன். அவருக்கு முப்பது வருடம், எனக்குப் பதினான்கு மாதம். மதியம் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன். மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் டுவைட் அதையேதான் சொன்னார்.

மாலை வகுப்பில், ஊர் பெயர் சொல்லாமல், சோவே அம்மையாரிடம் கேட்டேன். ஒரு கூட்டத்தில் கிண்டலாக ஒரு திருத்தம் வந்து எல்லோரும் கை தூக்கிவிட்டால் என்ன செய்வது என்றேன்.

"முன்மொழிஞ்சவர் இருக்காரா?"

"இருக்காரு."

"வழிமொழிஞ்சவர்?"

"இருக்காங்க."

"கையை எண்ணினீங்களா?"

"அஞ்சு."

"அப்புறம் என்கிட்ட என்ன கேக்குறீங்க?" என்றார். "சொன்னதை எழுத நீங்க நிருபர் இல்ல. செஞ்சதை எழுதுறவங்க. கை தூக்கினது செஞ்சது. சிரிச்சுக்கிட்டே தூக்கினாங்களா, அழுதுக்கிட்டே தூக்கினாங்களாங்கறது உங்க கட்டத்துலயே வராது."

வகுப்பில் பின்னால் யாரோ, "எந்த ஊருன்னு சொல்லுங்க, நாங்களும் வந்து ஒரு திருத்தம் கொண்டு வரோம்" என்றார்கள்.

வியாழக்கிழமை தீர்மானத்தைத் தட்டச்சு செய்தேன். எண் எழுபத்தொன்று. ஒரு தீர்மானத்தால் எந்தத் துறைக்காவது வேலை வந்தால் இரண்டு வேலை நாளுக்குள் அந்தத் துறைக்குச் செயல் சீட்டு அனுப்ப வேண்டும், இதுவும் விதி. சீட்டும் அடித்தேன். பெறுநர்: பொதுப்பணி. வேலை: சாவி ஒன்று செய்து கொடுத்தல். கையெழுத்துப் போட்டேன். ஆனால் அனுப்பவில்லை. மேசையில் வைத்து, அதன்மேல் ஸ்டேப்ளரை வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டேப்ளரை எடுத்து, பக்கத்தில் வைத்தேன். மேயருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அனுப்பலாமா என்று யோசித்தேன். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆலோசிக்கலாம் என்பார். ஆலோசனை முடிய ஜூன் ஆகும்.

மூன்று மணிக்கு மேவிஸ் கவுன்டருக்கு வந்தார்.

"ஒடெட், செவ்வாய்க்கிழமைத் தீர்மானத்துக்கு ஒரு காப்பி வேணும். முத்திரையோட."

"எந்தத் தீர்மானம்?" என்றேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. ஒரே ஒரு தீர்மானம்தான் இருந்தது.

மேவிஸ் இரண்டு முழங்கையையும் கவுன்டரில் ஊன்றினார். "நான் இருபத்தஞ்சு வருஷமா அரசாங்கத்தோட மல்லுக்கட்டுறவ. எங்க வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு சொல்றதுக்கே மூணு படிவம் நிரப்புவேன். வழிமொழிஞ்ச தீர்மானம் எப்படி இருக்கும்னு இந்த ஊர்ல என்னைவிட நல்லாத் தெரிஞ்சவங்க கிடையாது. அன்னைக்கே எழுந்து நின்னு நன்றின்னு சொல்லியிருக்கலாம். சொன்னா அவங்க முழிச்சுக்குவாங்க. அதான் வாயை மூடிக்கிட்டு வெளியே போனேன்."

"ஹ்யூபர்ட் வந்ததும் அவர்கிட்ட ஒரு வார்த்தை…"

"அவரு எப்ப வருவாரு?"

"மே நாலு."

"மீன் எப்ப வரும்?"

கேட்டவருக்குத் தீர்மான நகல் தர வேண்டியது கிளார்க்கின் கடமை. கிளார்க் இல்லாதபோது துணைக் கிளார்க்கின் கடமை. நகல் எடுத்து முத்திரையைக் குத்தினேன். அவசரத்தில் நகராட்சிச் சின்னத்தில் இருக்கும் தேவதாரு மரம் சாய்ந்து விழுந்தது. இன்னொன்று எடுத்துக் குத்தினேன். அது நேராக இருந்தது.

மேவிஸ் இரண்டையும் பார்த்தார். "விழுந்த மரமே இருக்கட்டும்" என்று அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் போனதும் சீட்டை நானே எடுத்துக்கொண்டு பொதுப்பணிக் கொட்டகைக்கு நடந்தேன். ஆர்வோ அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடி படித்தார்.

"இத்தனை வருஷமா இந்தச் சீட்டு ஒண்ணுதான் குறைச்சலா இருந்ததா?" என்றார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, சாவி வெட்ட ஹார்டுவேர் கடைக்குப் போனார். எஞ்சின் சத்தம் கேட்ட பிறகும் நான் கொட்டகையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

ஏரிப் பனி ஏப்ரல் இருபத்து நான்காம் தேதி உடைந்தது. காற்று அடிக்கவில்லை, ஆர்வோ சொன்ன பத்து நாள்.

*

இருபத்தெட்டாம் தேதி கூட்டத்துக்கு உறுப்பினர்கள் ஐந்து பேரும் முன்கூட்டியே வந்திருந்தார்கள். மேயர் அட்டையையும் படிக்கவில்லை, புதிய வாசகத்தையும் படிக்கவில்லை. "முதல்ல போன கூட்ட மினிட்ஸை முடிப்போம். எதைப் படிக்கிறதுன்னு அப்புறம் பாக்கலாம்" என்றார்.

டுவைட்டின் காது வரும்போதே சிவந்திருந்தது. "அந்த எழுபத்தொண்ணு. அதை நான் கிண்டலாச் சொன்னேன். 'கிண்டலாக'ன்னு அதுல ஒரு வார்த்தை சேக்கணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நோட்டைப் பிரித்தேன். "மினிட்ஸ்ல செஞ்சதுதாங்க வரும். எப்படிச் செஞ்சாங்கங்கறது வராது."

"அப்போ எதிர்த்ததா போடு."

"திருத்தத்துக்கு நீங்க கை தூக்கினீங்க. ஒலிப்பதிவு இருக்கு. போடட்டுங்களா?"

வேண்டாம் என்றார்.

ஃபிலிப்பா மென்மையாகத் தொண்டையைச் செருமினார். "எனக்கு சாவி குடுத்ததுல ஆட்சேபணையே இல்ல. ஆனா இவ்வளவு அவசரமா குடுத்ததுதான் மனசை உறுத்துது. முதல்ல ஒரு உறவுக் கட்டமைப்பு வந்திருக்கணும். அவங்களுக்கு சாவி வேணுமான்னு நாம கேக்கவே இல்லையே."

ஒரே தாள் இருந்த கோப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் கடிதத்தைப் படித்தார். அரைப் பக்கம்தான், ஆனாலும் வெகு நேரம் படித்தார்.

"உருவகம் இல்லையா?" என்றார்.

"ஆர்வோ பூட்டுக்கு எண்ணெய்கூடப் போட்டாரு" என்றேன்.

தீர்மானத்தை ரத்து செய்ய என்ன வழி என்று மேயர் கேட்டார். யாராவது ஒருவர் இன்று எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், மே பன்னிரண்டு கூட்டத்தில் வாக்கெடுக்கலாம் என்றேன். மே பன்னிரண்டுக்குள் மீன் ஏறி இறங்கிவிடும். அதை நான் சொல்லவில்லை. அறிவிப்புப் படிவம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். மேசை நடுவில் வைத்தேன். டுவைட் அதைத் தொட்டால் தன் தீர்மானத்தைத் தானே ரத்து செய்கிறவர் ஆவார். ஃபிலிப்பா தொட்டால் கிரேன் பேயிடமிருந்து சாவியைத் திரும்பக் கேட்டவர் ஆவார். அண்டை வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் எடுக்கும் பழக்கம் இருவருக்கும் இல்லை. படிவம் அங்கேயே கிடந்தது. கொஞ்ச நேரத்தில் மேயர் அதன்மேல் காபிக் கோப்பையை வைத்தார்.

மினிட்ஸ் ஏற்கப்பட்டது.

அதற்குப் பிறகு ஹார்கெட்டில் நான் பார்த்ததிலேயே வேகமான தீர்மானம் ஒன்று வந்தது. கூட்டத்தில் எதைப் படிப்பது என்பதை மாற்ற முன்னறிவிப்பு தேவையில்லை. நில ஒப்புகை பழையபடி அட்டையில் உள்ள மூன்று வாக்கியங்களாகவே இருக்கும். இனிமேல் அதற்கு யாரும் திருத்தம் கொண்டு வரக்கூடாது. முன்மொழிந்தவர் டுவைட். வழிமொழிந்தவர் ஃபிலிப்பா. நான்கு மாதத்தில் இருவரும் முழு மனதோடு ஒத்துப்போனது இது ஒன்றில்தான். புதிய வாசகம் போனாலும் கேட்டும் சாவியும் தனித் திருத்தத்தில் நிறைவேறியதால் நிற்கும் என்று எடுத்துச் சொன்னேன். "நிக்கட்டும், நிக்கட்டும்" என்றார் மேயர்.

மேயர் இழுப்பறையிலிருந்து அட்டையை எடுத்தார். கூட்டம் தொடங்கி ஐம்பது நிமிடம் கழித்துப் படிக்கத் தொடங்கினார். நிலம் யாருடையது என்றார். யார் பேணி வந்தார்கள் என்றார். 'நன்றி' என்ற இடத்தில், பழக்கத்துக்கு மாறாக, ஐந்து பேரும் தலையைத் தூக்கிப் பின் வரிசையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

ஹீட்டருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

"மேவிஸ் வரலையா?" என்றார் ஃபிலிப்பா.

"மீன் பிடிக்கப் போயிட்டாங்க" என்றேன். "சாயங்காலம் ஆறு மணிக்கே கேட் வழியா நாலு வண்டி போச்சாம். ஆர்வோ சொன்னாரு. க்ளிஃபர்டோட வண்டிதான் முதல்லயாம்."

மேயர் அட்டையைக் கீழே வைத்தார். ஒன்பதாவது பொருள் தேவையற்றுப் போனதால் நீக்கப்பட்டது என்று எழுதினேன். கூட்டம் எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கே முடிந்துவிட்டது. வருகைப் பதிவேட்டில் பொதுமக்கள் என்ற இடத்தில் 'எவருமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.